லோட்டஸ் இலெவன் போல ஒரு கார் வீட்டில் கட்ட: சேசிஸில் தொடங்குவதா, பாடியில் தொடங்குவதா?

மூன்றாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஆசை இது. 1956-ல் வந்த லோட்டஸ் இலெவன் என்ற பிரிட்டிஷ் ரேஸ் காரைப் போல ஒன்றை என் கராஜில் நானே கட்ட வேண்டும். அசல் கார் எனக்கு எட்டாது, மொத்தமே ஏறத்தாழ 270 தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வடிவம் என்னை விடுவதாக இல்லை. முன் சக்கரத்தின் மேல் எழும்பி, கதவருகே தாழ்ந்து, மறுபடி பின் சக்கரத்தின் மேல் ஏறி, ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு கூம்பாக முடியும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை வரைந்த ஃபிராங்க் காஸ்டின் டி ஹாவிலண்டில் விமானங்களுக்குக் காற்றியல் பார்த்தவர் என்று தெரிந்த பிறகு இன்னும் பிடித்துப்போனது.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மிக் வெல்டிங் நன்றாக வரும், டிக் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். இஞ்சின், கியர்பாக்ஸ் பிரித்து மாட்டிய அனுபவம் உண்டு. தகடு வேலை தெரியாது. இடம் என்றால் ஒரு கார் நிற்கும் கராஜ், ஓரத்தில் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான். பின்பக்கம் இடிபட்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று விலைக்கு வருகிறது, 1.6 இஞ்சின், நன்றாக ஓடுகிறது. அதையே டோனராக (உறுப்புகள் கழற்றும் காராக) எடுத்து இஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப் (டிஃபரன்ஷியல்), பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் அதிலிருந்தே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் கேட்க வருவது இதுதான். சேசிஸை முதலில் கட்டி அதன் மேல் பாடியைப் பொருத்துவதா, அல்லது பாடி வடிவத்தை முதலில் முடிவுசெய்து அதற்குள் சேசிஸ் கட்டுவதா? பாடி அலுமினியமா, ஃபைபர் கிளாஸா? என்னிடம் ஒரு 1:18 மாடல் இருக்கிறது, அதை அளந்து பெரிதாக்கி வடிவம் எடுக்கலாமா? அப்புறம் நான் ஆறடி உயரம், அது பிரச்சினையாகுமா?

பழையகியர்:

தம்பி, அந்த எம்எக்ஸ்-5-க்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அதன் முன் சக்கரங்களின் நடுவுக்கு நடு அளந்து பாருங்கள், 1410 மி.மீ. அளவு வரும். இலெவனில் அது 1200-ஐ ஒட்டித்தான், காரின் மொத்த அகலமே 1520 மி.மீ. பக்கம். அதாவது உங்கள் டோனரின் சக்கரங்கள் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது சென்டிமீட்டர் வெளியே நிற்கும். அதை மறைக்க மட்கார்டை அகலப்படுத்தினால் காஸ்டினின் கோடு அங்கேயே போய்விடும், நீங்கள் எதற்காக இந்த வேலையில் இறங்குகிறீர்களோ அதுவே இல்லாமல் போகும். குறுக்கலாம் என்றால் நாலு பக்கமும் விஷ்போன், அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் V வடிவக் கைகள், புதிதாகச் செய்ய வேண்டும், பின்பக்க டிரைவ்ஷாஃப்டை வெட்டிக் குறுக்க வேண்டும், ஸ்டீயரிங் ரேக்கையும் குறுக்க வேண்டும். அத்தனையும் செய்த பிறகு அந்த டோனரிலிருந்து சஸ்பென்ஷனுக்கு மிஞ்சுவது ஹப், பிரேக், டிஃப் மட்டும்தான்.

நீளத்திலும் இதே கதை. எம்எக்ஸ்-5-ன் வீல்பேஸ் 2265, இலெவனுடையது 85 அங்குலம், அதாவது 2159. எம்எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸின் வாலையும் டிஃப்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு நீளமான அலுமினிய உத்தரம் இருக்கிறது, கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான். உங்களுக்கு அது நீளம் அதிகம். அதைக் கழற்றிப் போட்டால் கியர்பாக்ஸுக்கும் டிஃப்புக்கும் தனித்தனி மவுண்ட் நீங்களே செய்ய வேண்டும். முடியாத வேலை இல்லை, ஆனால் "எல்லாம் டோனரிலிருந்தே வந்துவிடும்" என்ற கணக்கு இங்கே நிற்காது.

ஆகவே சேசிஸா பாடியா என்ற கேள்விக்கு முன்னால் ஆக்சில் அகலமும் சக்கரமும்தான் முடிவாக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் வெஸ்ட்ஃபீல்ட் தன் முதல் காராக இலெவனின் பிரதியைத்தான் செய்தது. அதற்கு எடுத்துக்கொண்டது எம்ஜி மிட்ஜெட், ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் உறுப்புகளை. காரணம் எளிது: மிட்ஜெட்டின் ஆக்சில் அகலம் இலெவனுக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. இஞ்சினும் அந்தக் காலத்துக்கு ஒட்டியதுதான், 1275 சிசி ஏ-சீரிஸ்.

குதிரைத்திறன் போதாதே என்று நினைக்காதீர்கள். அசல் இலெவனில் இருந்தது 1098 சிசி கவென்ட்ரி கிளைமாக்ஸ், தீயணைப்புப் பம்புக்காகச் செய்த இலேசான இஞ்சினிலிருந்து வளர்ந்தது, 75 குதிரைத்திறன் அளவு. கார் 450 கிலோவை ஒட்டிய எடை. அந்த எடைக்கு அது தாராளம். அதோடு, எல்லா இலெவனும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். லெ மான் வகைக்கு டி டியான் பின் ஆக்சிலும் டிஸ்க் பிரேக்கும் வந்தன. கிளப் வகை அதே கிளைமாக்ஸ் இஞ்சினோடு சாதாரண லைவ் ஆக்சில் (டிஃப்பும் இரு பின் சக்கரங்களும் ஒரே உறையில் சேர்ந்தது), டிரம் பிரேக். ஸ்போர்ட் வகையில் ஃபோர்டின் 1172 சிசி சைடுவால்வ் இஞ்சின். லைவ் ஆக்சில் போட்டால் பிரதி பொய்யாகிவிடும் என்று யாராவது சொன்னால் கிளப்பைக் காட்டுங்கள். வீட்டில் கட்டுகிறவருக்கு லைவ் ஆக்சில் பெரிய வரம், பின்பக்கத்தில் பாதி வேலை குறைகிறது.

சேசிஸ் பற்றி. இது ஸ்பேஸ்ஃப்ரேம், அதாவது குழாய்கள் எல்லாம் இழுபடவும் அமுங்கவும் மட்டும் வேண்டும், வளையக் கூடாது. சஸ்பென்ஷன் பிராக்கெட் குழாயின் நடுவில் வந்தால் அந்தக் குழாய் வளையத் தொடங்கும், அதனால் பிராக்கெட் எப்போதும் குழாய்கள் கூடும் முடிச்சில்தான் வர வேண்டும். எங்கெல்லாம் நாற்கரம் திறந்து கிடக்கிறதோ அங்கெல்லாம் மூலைவிட்டம் வேண்டும். பிரச்சினை இரண்டு இடத்தில்: இஞ்சின் இறங்கும் வாய், ஓட்டுநர் இறங்கும் வாய். இரண்டையும் மூட முடியாது. தீப்பெட்டியின் உள்தட்டை உறையிலிருந்து உருவி முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு எளிதாக முறுகுகிறது என்று தெரியும், திறந்த காக்பிட் அதேதான். இலெவனில் இதற்கு வழி கண்டது தரைத்தகடும், காரின் நடுவே நீளவாக்கில் ஓடும் டனலும். அந்த அலுமினியத் தகடுகளைக் குழாயில் ரிவெட் அடித்து அவற்றையும் சுமை தாங்க வைத்தார்கள். அதனால் டனல் தகட்டை வெறும் மூடியாக நினைத்து நாலு ஸ்க்ரூவில் நிறுத்தாதீர்கள்.

தட்டையான ஒரு மேசை செய்துகொள்ளுங்கள். தடித்த பலகையின் மேல் சேசிஸின் கீழ்ச்சட்டத்தை முழு அளவில் கோடு போட்டு வரைந்து, கோட்டின் இருபுறமும் மரக்கட்டை திருகி, அதற்குள் குழாய்களை வைத்து டேக் (தற்காலிகமான சின்னப் பொட்டு வெல்ட்) அடிக்க வேண்டும். முழு ஃபிரேமும் டேக்கில் நிற்கும் வரை ஒரு மூட்டைக்கூட முழுதாக வெல்ட் செய்யாதீர்கள். அப்புறம் எதிரெதிர் மூலையாக மாறி மாறிப் போங்கள். ஒரே மூலையில் உட்கார்ந்து முடித்தால் சூட்டில் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

முடிந்ததும் முறுக்கிப் பாருங்கள். பின்பக்க சஸ்பென்ஷன் புள்ளிகளை அசையாமல் கட்டி, முன்பக்கத்தின் குறுக்கே ஒரு உத்தரம் வைத்து, அதன் நடுவில் முட்டுக் கொடுத்து, நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 80 கிலோ தொங்கவிட்டால் அது 785 நியூட்டன் மீட்டர். அந்த ஒரு மீட்டர் முனை பளு இல்லாத நிலையிலிருந்து 8.7 மி.மீ. இறங்கினால் அரை டிகிரி முறுகியிருக்கிறது, அதாவது டிகிரிக்கு 1570. உத்தரமும் கொஞ்சம் வளையும் என்பதால் மறுமுனை எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு மூலைவிட்டமும் தகடும் சேர்க்கும்போது மறுபடி அளந்தால் எது உண்மையில் வேலை செய்கிறது, எது சும்மா எடை என்று கண்ணால் பார்க்கலாம்.

உயரத்துக்கு: சேசிஸ் வரையும் முன்னால் அட்டையிலும் பிளைவுட்டிலும் காக்பிட் செய்து, உள்ளே உட்கார்ந்து, ஓட்டும்போது போடும் அதே ஷூவோடு மூன்று பெடலையும் மிதித்துப் பாருங்கள். ஆறடிக்கு முதலில் இடிக்கப்போவது முழங்கால் ஸ்டீயரிங்கில்தான். சீட்டின் சாய்வைக் கூட்டியோ, தரையை இரண்டு விரல் இறக்கியோ சரிசெய்யலாம், ஆனால் அது குழாய் வெட்டும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

வளைதகடு:

பழையகியர் ஐயா சொன்ன ஆக்சில் அகலத்தை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சேசிஸ் முடித்த பிறகு பாடி என்ற வரிசை அவர் சொன்னதில் தொனிக்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. லோட்டஸ் செவன் மாதிரி கார் என்றால் சரி, அதில் பாடி என்பது ஃபிரேமின் மேல் ஒட்டிய தகடு. இலெவன் அப்படி இல்லை. 1956-ல் மோன்சாவில் ஸ்டர்லிங் மாஸ் 1100 சிசி இலெவனில் ஒரு சுற்றை மணிக்கு 143 மைல், அதாவது 230 கி.மீ. சராசரியில் ஓட்டினார். அவ்வளவு சின்ன இஞ்சின் அந்த வேகம் போனதென்றால் அதில் பெரும்பங்கு மேல்தோலுக்குத்தான். அந்தத் தோலுக்கும் உள்ளே இருக்கும் குழாய்க்கும் பல இடங்களில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. சேசிஸை மேலே இருபது மி.மீ. கூட்டிக் கட்டிவிட்டால் பானெட் உப்பும், பானெட் உப்பினால் முன்கண்ணாடியின் அடி ஏறும், கடைசியில் எங்கே தப்பென்று சொல்லத் தெரியாமல் கார் "என்னமோ மாதிரி" நிற்கும். பிரதிகளில் பாதி இப்படித்தான் நிற்கின்றன.

1:18 மாடலை அளக்க வேண்டாம். அதில் அரை மி.மீ. பிசகு உங்கள் காரில் 9 மி.மீ. மாடல் செய்கிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று சில இடங்களை வேண்டுமென்றே மாற்றுவதும் உண்டு. புகைப்படமும் அருகிலிருந்து எடுத்தது என்றால் முன் மட்கார்ட் பெரிதாகத் தெரியும், தூரத்திலிருந்து நீள லென்ஸில் நேர்ப்பக்கவாட்டில் எடுத்தது மட்டுமே உதவும். பழைய ரேஸ் கார்கள் ஓடும் நிகழ்ச்சிகளுக்குப் போய் ஒரு இலெவன் உரிமையாளரிடம் பணிவாகக் கேளுங்கள், தங்கள் கார் மேல் இவ்வளவு ஆசைப்படுகிறவரைப் பார்த்தால் அவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அட்டை டெம்ப்ளேட் வைத்து நாலைந்து குறுக்குவெட்டு எடுத்தாலே போதும், மீதியைப் படத்திலிருந்து இணைக்கலாம். ஸ்கேன் செய்ய விட்டால் இன்னும் நல்லது.

அதை வைத்து ஒரு பக், அதாவது பாடியின் வடிவத்தை முழு அளவில் காட்டும் மரக்கூடு, கட்டுங்கள். 100 முதல் 150 மி.மீ. இடைவெளியில் பிளைவுட் குறுக்குவெட்டுகள், நடுவில் நீளவாக்கில் ஒன்று. இதில் முக்கியமானது, சக்கரத்தின் அளவில் பலகை வட்டுகள் செய்து, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் அவற்றை பக்குக்குள் நிறுத்திப் பார்ப்பது. மட்கார்டின் உள்பக்கம் இடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முன் பாடி மொத்தமாக முன்னோக்கியும் பின் பாடி பின்னோக்கியும் திறக்கும் கார் இது, கீல் எங்கே வரும் என்பதையும் பக்கிலேயே முடிவுசெய்யுங்கள்.

அலுமினியமா ஃபைபரா? தகடு தெரியாதவருக்கு என் பதில் ஃபைபர், ஆனால் பின் பாடியையும் கதவையும் பிற்பாடு அலுமினியத்தில் முயற்சி செய்து பாருங்கள் என்பேன். அலுமினியம் பழக ஆசை இருந்தால் 1.2 மி.மீ. தகடு, 1050 அல்லது 3003, பாதி கெட்டியானது எடுங்கள். 6061-டி6 பார்க்க நன்றாக இருக்கும், அடித்தால் விரிசல் விடும். அடிக்க அடிக்கத் தகடு இறுகும், அப்போது சூடு காட்டி இளக்க வேண்டும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவக்காது, 660 டிகிரி வந்ததும் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் உருகி ஓட்டையாகிவிடும். அதனால் முதலில் அசிட்டிலின் மட்டும் எரியவிட்டுத் தகட்டில் கரி படிய வையுங்கள், அப்புறம் ஆக்சிஜன் திறந்து அந்தக் கரி மறையும் வரை மட்டும் சூடு காட்டுங்கள். சோப்பைத் தேய்த்து அது கறுக்கும் வரை காட்டுவதும் அதே முறைதான். மூட்டு இணைக்க கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டால் நல்லது, அந்த மூட்டு மென்மையாக இருப்பதால் மேலே சுத்தியல் தட்டிச் சமப்படுத்தலாம். டிக் மூட்டு கெட்டியாக இருந்து சில நேரம் ஓரத்தில் பிளக்கும். கேஸ் வெல்டிங்கில் தடவும் ஃபிளக்ஸை வெந்நீரில் தேய்த்துக் கழுவாமல் விட்டால் பெயிண்டுக்கு அடியில் அரிக்கும்.

ஃபைபர் என்றால் பக்கின் மேல் நேராகப் போர்த்தி முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பக், அதன் மேல் பளபளப்பாகத் தேய்த்த மூல வடிவம், அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து பாடி, இந்த வரிசையில் போனால்தான் வெளிப்பக்கம் சுத்தமாக வரும். அச்சில் மெழுகு, ஜெல்கோட், அப்புறம் 450 கிராம் மேட் (கண்ணாடி இழைப் பாய்) இரண்டு அடுக்கு, சுமார் 2 மி.மீ. தடிமன் கிடைக்கும். கீல், பூட்டு வரும் இடங்களில் கூடுதல் அடுக்கு. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், அதற்கு மேல் போனால் சூடாகிச் சுருங்கி வடிவம் கோணும். ரெசின் புகைக்கு வாயு வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், தூசிக்குப் போடும் துணி முகமூடி அதைத் தடுக்காது.

மூன்றாம்கியர்:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. எம்எக்ஸ்-5-ஐ இப்போதைக்கு நிறுத்தி வைத்துவிட்டேன், அகலம் அளக்கத் தோன்றவே இல்லை. அதன் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் எடுத்து, பின்னால் குறுகலான லைவ் ஆக்சில் போட்டால் எப்படி இருக்கும்? அப்புறம் முன் சஸ்பென்ஷன் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். அசலில் ஸ்விங் ஆக்சில் இருந்தது என்று ஒரு இடத்தில், விஷ்போன் என்று இன்னொரு இடத்தில், இரண்டு விதமாகப் படிக்கிறேன்.

தார்ச்சாலை:

இரண்டும் உண்மை. முதல் சீரிஸில் நடுவில் பிளந்த ஆக்சிலாக ஸ்விங் ஆக்சில், 1957-ல் வந்த இரண்டாம் சீரிஸில் விஷ்போன். நீங்கள் விஷ்போன் போடுங்கள். இரண்டாம் சீரிஸ் பிரதி என்றால் அது முறையானதுதான். ஸ்விங் ஆக்சில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கேம்பரை (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வை) பெரிதாக மாற்றும், வீட்டில் கட்டிய முதல் காரில் அதைச் சமாளிக்கும் தலைவலி வேண்டாம்.

விஷ்போனில் ஒரே ஒரு விஷயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றால் அது பம்ப் ஸ்டியர். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும் குறை. நேரான சாலையில் கார் அங்குமிங்கும் மோப்பம் பிடித்துக்கொண்டு போவது பெரும்பாலும் இதனால்தான். ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் உள் மூட்டு, மேல் கீழ் விஷ்போன்களின் உள் பிவட்டுகளை இணைக்கும் கோட்டில் வர வேண்டும். வெளி மூட்டு, இரண்டு பால் ஜாயின்டுகளை இணைக்கும் கோட்டில். அப்புறம் இரண்டு விஷ்போன்களையும் கோடாக நீட்டினால் எங்கே சந்திக்குமோ, டை ராடை நீட்டினாலும் அங்கேயே போக வேண்டும். இதைக் காகிதத்தில் வரைந்தால் மட்டும் போதாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு தட்டையான பலகையைக் கட்டி, ஜாக்கில் மெல்ல ஏற்றி இறக்கி, பலகையின் முன் ஓரமும் பின் ஓரமும் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து பாருங்கள். ரேக் மவுண்டை அதுவரை டேக்கில் வைத்திருங்கள், முழு வெல்ட் அதற்கப்புறம்தான். மற்ற எல்லாவற்றையும் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம், ரேக் தப்பான உயரத்தில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கத்தையே வெட்ட வேண்டியிருக்கும்.

டயரைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பழைய ரேஸ் கார் பிரதியைக் கெடுப்பதில் முதலிடம் அகல அலாய்க்கும் தட்டை டயருக்கும்தான். 195/50 ஆர்15 போட்டால் அதன் விட்டம் 576 மி.மீ. பழைய மாதிரி 155 ஆர்15 போட்டால் 635. ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம், மட்கார்டுக்குள் சக்கரம் தொலைந்துபோன மாதிரி இருக்கும். இலெவனின் வடிவம் உயரமான, ஒல்லியான சக்கரத்தைச் சுற்றி வரைந்தது. அசல் மாதிரியே வேண்டுமென்றால் 4.50, 5.00 அளவில் 15 அங்குல ரேஸிங் டயர்கள் பழைய கார்ப் பந்தயங்களுக்காக டன்லப் பெயரில் இன்னும் கிடைக்கின்றன. ஒல்லி டயர் சாலையைப் பிடிக்காது என்ற பயமும் வேண்டாம், இவ்வளவு இலேசான காரில் அது மெதுவாகவும் முன்கூட்டியே சொல்லிவிட்டும் வழுக்கும், ஓட்டுவதில் உள்ள சுகமே அதில்தான்.

பிரேக்கில் டோனர் காரின் முன்பின் பங்கீட்டை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் கார் உங்களுடையதைப் போல இரு மடங்கு எடை, அதன் எடைப் பங்கீடும் வேறு. இரண்டு தனி மாஸ்டர் சிலிண்டர், நடுவில் முன்பின் பங்கீட்டை மாற்றும் பயஸ் பார், பெடல் விகிதம் ஐந்து அல்லது ஆறுக்கு ஒன்று, பூஸ்டர் தேவையில்லை. எப்போதும் முன் சக்கரம் முதலில் பூட்டும்படி அமைத்துவிட்டு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொடுங்கள்.

நீலச்சுடர்:

வெல்டிங் பக்கமிருந்து இரண்டு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. குழாயைத் துடைக்க பிரேக் கிளீனர் பயன்படுத்துவீர்கள் என்றால் குளோரின் கலந்த வகையைக் கராஜுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்து மேலே ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் உருவாகும், அது விஷவாயு. அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு, பாட்டிலைத் தூரத்தில் வைத்துவிட்டு வெல்ட் செய்யுங்கள். இரண்டாவது, துத்தநாகப் பூச்சு உள்ள குழாயை வாங்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும், மூட்டும் துளைத்துளையாக வரும்.

ரோல் பார் பற்றி யாரும் எழுதவில்லையே. அசல் காரில் தலைக்குப் பின்னால் இருந்த கூம்பு காற்றுக்காக, கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்காக இல்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிகளில் பிரதான வளையத்துக்குச் சொல்லும் அளவு 45 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. தடிமன், இல்லையென்றால் 50-க்கு 2.0, குளிரில் இழுத்த மூட்டில்லாக் குழாய். ஹெல்மெட்டின் உச்சிக்கு மேல் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் வளையம் நிற்க வேண்டும். ஆறடி ஆளுக்கு இது கூம்புக்கு வெளியே துருத்தும், துருத்தட்டும். இதில் மட்டும் அழகுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். அதன் கால்கள் சேசிஸின் முடிச்சுகளில் இறங்க வேண்டும், பின்னோக்கிய முட்டும் வேண்டும், ஆகவே அதுவும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். பெட்ரோல் டேங்குக்குள் தடுப்புத் தகடு, கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு, வெளியிலிருந்தே எட்டும் ஒரு கட்ஆஃப் சுவிட்ச், இவையும் அப்படித்தான்.

சாலையில் ஓட்டுவதா, டிராக்கில் மட்டும் ஓட்டுவதா என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் ஒவ்வொரு காரையும் தனியாகப் பரிசோதித்து அனுமதிக்கும் ஐவிஏ முறை இருக்கிறது, அதில் வெளியே துருத்தும் கூர்மையான விளிம்புகளைக்கூடப் பார்ப்பார்கள். பல நாடுகளில் அப்படி ஒரு வழியே கிடையாது. முதல் குழாயை வெட்டும் முன்னால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அசல் லோட்டஸ் சேசிஸ் எண் மாதிரி எதையும் பதிக்காதீர்கள், உங்கள் பெயரும் கட்டிய ஆண்டும் போட்ட தட்டு ஒன்று அடியுங்கள். நாளைக்கு இது கை மாறும்போது வாங்குகிறவருக்கு இது என்ன கார் என்று நேர்மையாகத் தெரிய வேண்டும்.

காற்றுக்குளிர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், போர்ஷே 550 ஸ்பைடர் யோசித்தீர்களா? அதுவும் ஐம்பதுகளின் ரேஸ் கார்தான், 1954 மில்லே மில்லியாவில் ஹான்ஸ் ஹெர்மான் மூடியிருந்த ரயில்வே கேட்டுக்கு அடியிலேயே ஓட்டிப்போன அந்தக் கார். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஆக்சில் எல்லாம் அதற்கு இயல்பாகப் பொருந்துகின்றன, ரேடியேட்டர்கூட வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: 550-ல் இஞ்சின் ஆக்சிலுக்கு முன்னால் வருவதால் கியர்பாக்ஸைத் திருப்பி வைக்கிறோம், உள்ளே டிஃப்பின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலையும் எதிர்ப்பக்கம் மாற்றிப் பொருத்தாவிட்டால் ஒரு கியர் முன்னுக்கும் நாலு கியர் பின்னுக்கும் கிடைக்கும்.

பழையகியர்:

காற்றுக்குளிர் சொன்னது நல்ல கார், முதல் முறை கட்டுகிறவருக்கு இலெவனைவிட எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் கேள்வியைப் படித்தால் அவருக்கு வேண்டியது ஒரு கார் இல்லை, அந்தக் கார். வருடக்கணக்கில் இழுக்கும் வேலையில் பாதியில் கைவிடாமல் இருக்க அந்த ஆசைதான் உதவும். ஜாகுவார் டி-டைப்பை ஆசைப்பட்டிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அதன் நடுப்பகுதி தகட்டிலேயே ஆன மோனோகாக். மசெராட்டி டிப்போ 61 என்றாலும் அப்படித்தான், ஏறத்தாழ இருநூறு சின்னக் குழாய்கள். இலெவன் ஒரு மனிதன் கராஜில் முடிக்கக்கூடிய அளவு.

வளைதகடு சொன்ன பக் விஷயத்தில் இப்படி ஒரு ஏற்பாடு செய்யலாம். சேசிஸ் மேசையிலேயே, கீழ்ச்சட்டம் டேக்கில் நிற்கும்போதே, அவர் சொன்ன குறுக்குவெட்டுகளில் ஐந்து இடத்தை மட்டும் பிளைவுட்டில் வெட்டி நிறுத்துங்கள்: முன் ஆக்சில், இஞ்சினின் மேல்முனை, டேஷ்போர்டு, ரோல் பார், பின் ஆக்சில். மேல்சட்டக் குழாய்கள் அந்தப் பலகைகளுக்கு உள்ளே அடங்கினால் பாடி பொருந்தும். முழு பக்கையும் சேசிஸையும் ஒரே நேரத்தில் வைக்க உங்கள் கராஜில் இடம் இருக்காது, இது அந்தச் சிக்கலையும் தீர்க்கும்.

மாஸ்டா இஞ்சினை மட்டும் எடுப்பது பற்றி: எடுக்கலாம், ஆனால் அதில் இரண்டு கேம்ஷாஃப்டும் தலைக்கு மேலே, இலெவனின் பானெட் மிகவும் தாழ்வு. சம்ப்பின் (இஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) அடியிலிருந்து கேம் கவரின் உச்சி வரை அளங்கள். தரைக்கும் சம்ப்புக்கும் 110 மி.மீ. விட்டுவிட்டு, மேலே பானெட்டுக்கும் கவருக்கும் 20 மி.மீ. விட்டு, நடுவில் அடங்குகிறதா என்று முன் ஆக்சில் பலகையிலும் இஞ்சின் பலகையிலும் வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் சம்ப்பைக் குறைத்து, ஆயில் பிக்கப்பையும் குறைத்து, சம்ப்புக்குள் தடுப்புக் கதவுகள் போட வேண்டும், இல்லையென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒதுங்கி பேரிங் போய்விடும். டி-டைப்பில் இதே பானெட் உயரத்துக்காகத்தான் இஞ்சினை 8.5 டிகிரி சாய்த்து, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் போட்டார்கள்.

மூன்றாம்கியர்:

முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் சீரிஸ் கிளப் மாதிரி: முன்னால் விஷ்போன், பின்னால் மிட்ஜெட் லைவ் ஆக்சில், 155 டயர், ஃபைபர் பாடி, டிராக்குக்கு மட்டும். இஞ்சின் ஏ-சீரிஸா மாஸ்டாவா என்பதைப் பலகை வெட்டி அளந்த பிறகு பார்க்கலாம். இந்த வாரக் கடைசியில் பிளைவுட்டில் காக்பிட் செய்து உட்கார்ந்து பார்க்கிறேன், அதோடு இலெவன் வைத்திருக்கும் ஒருவருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். தார்ச்சாலை, ஒரே ஒரு சந்தேகம்: மிட்ஜெட்டின் முன் அப்ரைட்டை (சக்கர ஹப்பைத் தாங்கும் நிமிர்ந்த துண்டை) விஷ்போனோடு அப்படியே பயன்படுத்தலாமா?

தார்ச்சாலை:

பயன்படுத்தலாம், ஆனால் கவனித்துச் செய்ய வேண்டும். மிட்ஜெட்டின் முன்பக்கத்தில் மேல் இணைப்பு என்பது லீவர் டாம்பரின் கைதான், அது டிரனியன் என்ற மூட்டு வழியாகக் கிங்பின்னின் (சக்கரம் திரும்பும் அச்சின்) மேல்முனையைப் பிடிக்கிறது, கீழே கிங்பின் ஒரு திருகுப் பின்னில் நிற்கிறது. லீவர் டாம்பரைத் தூக்கிவிட்டு மேலே குழாயில் ஒரு விஷ்போன் செய்து, மேலே உள்ள அந்த டிரனியனுக்கு ஒரு அடாப்டர் வைத்து, தனியாகக் காயில்ஓவர் டாம்பர் (ஸ்பிரிங் சுற்றிய டாம்பர்) போடுங்கள். கீழ்த் திருகுப் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கும், பழைய காரில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு புதிது மாற்றுங்கள், கிரீஸ் அடிக்கும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் விஷ்போனின் நீளத்தை முடிவுசெய்த பிறகுதான் ரேக் உயரம் கிடைக்கும், அதனால் அந்த வரைபடத்தை முதலில் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.